குவில்ற் அடிமட்டம்: நாலு வேண்டி, ஒண்டு வெட்டுவிச்சு, ஒரு விரலும் வெட்டுப்பட்ட கதை

குவில்ற் எண்டா வெட்டுத்துண்டுகளைப் பொருத்தித் தைக்கிற விரிப்பு, அதுக்குத் துணி வெட்டுற அடிமட்டத்தைப் பற்றித்தான் எழுதுறன். முதல்லயே சொல்லிப்போடுறன், கத்தரிக்கோலால துணி வெட்டுற ஆக்களுக்கு அது தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர 30 சென்ரிமீற்றர் அடிமட்டமும் ஒரு பென்சிலும் இருந்தா உங்களுக்குக் காணும், கோடு கீறி கோட்டால வெட்டிக்கொண்டு போங்கோ, ஒரு சதம் செலவழிக்காதேங்கோ. நான் எழுதுறது உந்த ரோட்டரி கட்டர், பீற்சா வெட்டுற சில்லு மாதிரி ஒரு கத்தி இருக்குமே, அதை ஆசைப்பட்டு வேண்டிட்டு இதுக்கு எந்த அடிமட்டம் பிடிக்கிறது எண்டு முழுசிக்கொண்டு நிக்கிற ஆக்களுக்கு. நானும் அப்பிடித்தான் முழுசிக்கொண்டு நிண்டனான், அந்த முழுசாட்டத்துக்கு எனக்குப் பத்தாயிரம் ரூபாக்கு மேல போட்டுது, அதில பாதிக்கு மேல வீண்.

நான் யாழ்ப்பாணத்தில, கொக்குவிலில வீட்டோட இருந்து பிளவுஸ் தைக்கிறனான், இருபது வருசம் தாண்டிட்டுது. லைனிங் மிச்சம், கொட்டன் மிச்சம், சீலையில வெட்டின மிச்சம் எண்டு உரபாக் உரபாக்கா வெட்டுத்துண்டு சேந்து கிடக்கு, எறிய மனம் வராது. அம்மா பழைய சீலையளை நாலஞ்சா அடுக்கி நூலோட்டி பிள்ளையளுக்கு விரிக்கத் தைக்கிறவ, அந்தப் பழக்கமோ என்னவோ. கனடாவில இருக்கிற மச்சாள் ஒருநாள் வட்ஸ்அப்பில ஒரு குவில்ற் படம் அனுப்பினவ, சதுரம் சதுரமா முக்கோணம் முக்கோணமா வெட்டிப் பொருத்தி, சரியான வடிவு. அதுக்குள்ள இருந்த துணி எல்லாம் என்ர உரபாக்குக்குள்ளயும் இருக்கு. அண்டைக்குத் தொடங்கின விசர்தான் இது.

இந்தக் கத்தி 1979இல ஜப்பானில ஒல்ஃபா கொம்பனி கொண்டுவந்தது. அதுக்கு முதல் மட்டையில அச்சு வெட்டி, பென்சிலால கீறி, கத்தரிக்கோலால ஒவ்வொண்டா வெட்டித்தான் எல்லா நாட்டிலயும் குவில்ற் தைச்சவை. கத்தி வந்தாப்பிறகு அடிமட்டத்தின்ர வேலையே மாறிட்டுது. முந்தி அளக்க மட்டும்தான் அடிமட்டம், இப்ப கத்தி சாய்ஞ்சு ஓடுற சுவரும் அதுதான். இந்த ஒரு விசயம் எனக்கு முதலே விளங்கியிருந்தா விரல் தப்பியிருக்கும்.

சரி விரல் கதை. முதல் முதல் நான் வேண்டினது ஸ்ரீல் அடிமட்டம், ஒரு ஹாட்வெயார் கடையில 480 ரூபா, 60 சென்ரிமீற்றர், ஒரு பக்கம் இஞ்சியும் அடிச்சிருந்தது. நீட்டு, நேர், உறுதி, விலையும் மலிவு, இதைவிட என்ன வேணும் எண்டு நினைச்சன். அது ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான். கத்தியைக் கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சாலே சில்லு அதுக்கு மேல ஏறிடும், ஏறினா நேர எங்க போகுமெண்டா அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கிற மற்றக் கையின்ர விரலுக்கு. இடக்கை சுட்டுவிரல், மூண்டு தையல். பிளவுஸ்காரிக்கு விரலில தையல் எண்டு வீட்டில ஒரு கிழமையாப் பகிடி. அதோட ஸ்ரீலில உரசி பிளேட்டிலயும் ஒரு சின்ன வாய் விழுந்திட்டுது. 45 மில்லிமீற்றர் குறுக்களவுப் பிளேட் ஒருக்கா உருளுறதுக்கு அஞ்சரை இஞ்சி மட்டில வரும், அப்ப அந்த வாய் இருக்கிற இடம் அஞ்சரை இஞ்சிக்கு ஒருக்கா ரெண்டு மூண்டு நூலை வெட்டாம விட்டுக்கொண்டே போகும். துணியைத் தூக்கினா இடைக்கிடை தொங்கிக்கொண்டு வரும், பாக்க எரிச்சல். அந்த 480 ரூபா அடிமட்டம் எனக்கு ஒரு பிளேட்டையும் ஒரு கிழமை வேலையையும் தின்னுட்டுது. இப்ப அதால பிறவுண் பேப்பரில பற்றன் கீறுறன், அதுக்கு நல்லாயிருக்கு, குறை சொல்ல மாட்டன்.

அப்ப தடிப்பு வேணும், 3 மில்லிமீற்றர் மட்டில. அக்ரிலிக்கா இருக்கவேணும், கீழ இருக்கிற துணி தெரியவேணும். இவ்வளவும் யூரியூப்பில பாத்து விளங்கினாப்பிறகு விலையைப் பாத்தன், நல்ல கொம்பனி அடிமட்டம் வெளிநாட்டில இருபது முப்பது டொலர் போகுது. 2022இல டொலர் இருநூறில இருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ஞ்சதில இருந்து வெளிச்சாமான் எண்டாலே நெஞ்சு பக்கெண்டும், அதோட 2024 தையில இருந்து வற் வரி 18 வீதம், தபால் கூலி வேற. அதால குறுக்கு வழி தேடினன்.

குறுக்கு வழிதான் ரெண்டாவது அடிமட்டம், ஒன்லைனில, கடைப் பேர் வேண்டாம். தலைப்பில "24 × 6 இஞ்சி பட்ச்வேர்க் ரூலர்" எண்டு போட்டிருந்தது, 1,650 ரூபா, அனுப்புகூலி 350. வந்த சாமான் பாக்க வடிவு, பளபளவெண்டு, தடிப்பும் காணும். ரெண்டு நாள் அதால வெட்டினன். 6 இஞ்சிச் சதுரம் வேணுமெண்டா அடிமட்டத்தின்ர அகலமே 6 தானே, கோடும் பாக்கத் தேவையில்லை, விளிம்போட விளிம்பு வச்சு ஓட்டிக்கொண்டே போகலாம் எண்டு எனக்கு ஒரே புளுகம். ஒரு வரிசை அந்த அடிமட்டத்தால, அடுத்த வரிசைக்குத் துணி நிறம் கறுப்பு எண்டதால கோடு தெரியேல்ல, அதை அளவு நாடா பிடிச்சுச் சோக்கால கீறி வெட்டினன். எட்டுத் துண்டு பொருத்தி ரெண்டு வரிசையையும் பக்கத்தில வச்சா ஒண்டு மற்றதைவிட முக்கால் இஞ்சி கட்டை!

தையல் பிழையோ எண்டு பிரிச்சுத் தைச்சன். பிறகும் கட்டை. பிறகுதான் அடிமட்டத்தைத் திருப்பி வடிவாப் பாத்தா, கோடு எல்லாம் சென்ரிமீற்றர். அது 60க்கு 15 சென்ரிமீற்றர் அடிமட்டம். 15 சென்ரிமீற்றர் எண்டா 5.9 இஞ்சிதான், 60 எண்டா 23.6. ஒரு துண்டில பத்தில ஒரு இஞ்சியும் இல்லை, கண்ணுக்குத் தெரியாது, எட்டுத் துண்டில முக்கால் இஞ்சி. ஒளிச்சும் வைக்கேல்ல பாருங்கோ, கீழ விபரத்தில எங்கயோ சின்ன எழுத்தில 60×15 எண்டு கிடந்தது, வாசிக்காதது என்ர பிழை, தலைப்பில 24×6 எண்டு போட்டது அவையின்ர கெட்டித்தனம்.

இது சென்ரிமீற்றரில தைக்கிற ஆக்களுக்கு நல்ல அடிமட்டம், அதையும் சொல்லத்தான் வேணும். ஜப்பான்காரர் தையலுக்கு விடுற இடத்தை 0.7 சென்ரிமீற்றர் எண்டுதான் கணக்குப் பண்ணுறவை, இதிலயும் அந்தக் கோடு இருக்கு. ஆனா யூரியூப்பில நாங்கள் பாத்துத் தைக்கிற பற்றன் கனக்க அமெரிக்காக் கணக்கு, கால் இஞ்சி, அது 0.635. சென்ரிமீற்றரில வெட்டி கால் இஞ்சியில தைச்சா துண்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல பெருக்கும், பத்துத் துண்டில ஒரு சென்ரிமீற்றர் தாண்டிடும். எதையாவது ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, ரெண்டையும் கலக்காதேங்கோ. ஒன்லைனில வேண்டேக்க படத்தைப் பெருப்பிச்சு கோட்டை எண்ணிப் பாருங்கோ, ரெண்டு பெரிய எண்ணுக்கிடையில பத்துப் பங்கு இருந்தா சென்ரிமீற்றர், எட்டுப் பங்கு இருந்தா இஞ்சி. தலைப்பை நம்பவேண்டாம்.

மூண்டாவது, இதுதான் சரியான சாமான். ஓம்னிகிறிட் எண்ட கொம்பனி அடிமட்டம், 6க்கு 24 இஞ்சி. மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கொண்டந்தவ. அங்க துணிக்கடையளில எப்பவும் ஏதாவது கழிவு போகும், முழு விலைக்கு அடிமட்டம் வேண்டுறவன் மடையன் எண்டு மச்சாள் சொல்லுறவ, பாதி விலை போட்ட நேரம் பாத்து எடுத்து வச்சிருக்கிறா, எங்கட காசில நாலாயிரத்துச் சொச்சம். (அமெரிக்காவில இப்பிடிக் கூப்பன் குடுத்துக் குடுத்தே பேர் எடுத்த ஜோஆன் எண்ட துணிக்கடை 2025இல எல்லாக் கிளையையும் பூட்டிட்டுது, கனடாக்காரருக்குப் பிரச்சினையில்லை.) 24 இஞ்சி எண்டதால கைப்பைக்குள்ள அடங்காது, பெரிய பெட்டியில குறுக்கா வச்சு, ரெண்டு துவாய்க்கு நடுவில, மேலயும் கீழயும் காட்போட் மட்டை வச்சுக் கொண்டுவந்தா. பெட்டி அடுக்கேக்க அத்தான் கேட்டவராம், யாழ்ப்பாணத்தில அடிமட்டம் இல்லையோ எண்டு.

அத்தான், இல்லை. இதில கோடு கறுப்பும் மஞ்சளுமா சோடி சோடியா இருக்கு, வெள்ளைத் துணியில கறுப்புக் கோடு தெரியும், கறுப்புத் துணியில மஞ்சள் தெரியும். கூறைச் சீலை மிச்சத்தில இருந்து பள்ளிக்கூட வெள்ளை வரைக்கும் வெட்டிற எனக்கு இந்த ஒண்டுக்கே காசு சரி. 30, 45, 60 பாகைக் கோடும் இருக்கு, அதின்ர பெறுமதி பிறகுதான் விளங்கினது. ஏன் 24 இஞ்சி எண்டு கேப்பியள். 44, 45 இஞ்சி அகலத் துணியை ரெண்டா மடிச்சா இருபத்திரண்டரைக்குள்ள வரும், அடிமட்டம் அதைத் தாண்டி நிக்கவேணும், அவ்வளவுதான். கிறியேற்றிவ் கிறிட்ஸ் எண்டும் ஒண்டு இருக்கு, மச்சாளிட்ட இருக்கிறது அது, ஆறரைக்கு இருபத்திநாலரை, அடியில வழுக்காம இருக்க சொரசொரப்பா வட்டம் வட்டமா வச்சிருக்கிறான். நல்லது, ஆனா விலை கூட. வழுக்காம இருக்கிறதுக்கு நான் ஒரு வழி செய்தனான், ஹாட்வெயார் கடையில ஒரு அரத்தாள் வேண்டி, பேப்பரில ஓட்டை போடுற கருவியால வட்டம் வட்டமாக் குத்தி, அடியில நாலு மூலையிலயும் நடுவிலயும் பசை போட்டு ஒட்டிவிட்டன். மொத்தச் செலவு நூறு ரூபா வராது, ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா விழும், திரும்ப ஒட்டவேண்டியதுதான்.

நாலாவது அடிமட்டத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். கொழும்பில ஒரு கடையில, முக்கோணம் வெட்டிற ஸ்பெசல் அடிமட்டம், 2,900 ரூபா. கடைக்காரி நல்ல பிள்ளை, அன்பாக் கதைச்சா, அதில மயங்கிட்டன். வீட்ட வந்து நாலு தரம் பாவிச்சுப்போட்டு யோசிச்சன், இது செய்யிற வேலையை ஓம்னிகிறிட்டில இருக்கிற கோடே செய்யுதே எண்டு. இந்த ஸ்பெசல் அடிமட்டம் எல்லாத்துக்கும் உள்ளுக்க இருக்கிறது ஒரு கூட்டல் கணக்கு, அந்தக் கணக்கை எங்களுக்குப் பதிலா பிளாஸ்ரிக்கில அடிச்சு விக்கிறாங்கள்.

கணக்கைச் சொல்லுறன், தாத்தாமாரின்ர கீழ்வாய் இலக்கம், அந்தப் பின்னக் கணக்கு, தெரிஞ்ச ஆக்களுக்கு இன்னும் சுகம். சதுரத்தைக் குறுக்கா ஒருக்கா வெட்டி ரெண்டு முக்கோணம் எடுக்கிறது எண்டா, தைச்சு முடிய வரவேண்டிய அளவோட முக்காலே அரைக்கால் இஞ்சி, அதாவது எட்டில ஏழு பங்கு, கூட்டிச் சதுரம் வெட்டவேணும். 4 இஞ்சி வேணுமெண்டா நாலே முக்காலே அரைக்கால். சதுரத்தை ரெண்டு குறுக்கிலயும் வெட்டி நாலு முக்கோணம் எடுக்கிறது எண்டா ஒண்டேகால் கூட்டு. மூண்டு பக்கமும் சமனான முக்கோணம் எண்டா, முடிஞ்ச உயரத்தோட முக்கால் கூட்டி ஒரு நீட்டுப் பட்டி வெட்டி, 60 பாகைக் கோட்டைப் பட்டியின்ர விளிம்பில வச்சு, அடிமட்டத்தை ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் சாய்ச்சு வெட்டிக்கொண்டு போறது. இவ்வளவும்தான். நான் இந்த மூண்டையும் ஒரு மட்டையில எழுதி மெசினுக்கு மேல சுவரில ஒட்டி வச்சிருக்கிறன். 2,900 ரூபா அடிமட்டம் அலுமாரிக்குள்ள.

ஒரு நியாயமும் சொல்லவேணும், நூற்றுக்கணக்கில ஒரே முக்கோணம் வெட்டி விக்கிற ஆக்களுக்கு அது நேரம் மிச்சம், கண்ணுக்கும் சுகம். எனக்கு வருசத்துக்கு ரெண்டு குவில்ற். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வெட்டவேண்டி வந்தா, அடிமட்டத்தின்ர அடியில அந்தக் கோட்டில மாஸ்கிங் ரேப் ஒரு துண்டு ஒட்டிவிடுவன், கண் பிழைக்காது, வேலை முடிய உரிச்சு எறியலாம்.

வளைவு, இதழ், பூ மாதிரி வடிவத்துக்கும் அடிமட்டம் விக்கிறாங்கள். அதுக்கு எங்கட வீட்டில அம்மாவின்ர முழங்கால் எக்ஸ்ரே. பழைய எக்ஸ்ரே பிலிமை ப்ளீச் கலந்த தண்ணியில ஊறப்போட்டா, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கோ, கறுப்பு எல்லாம் கழண்டு தெளிஞ்ச தாள் ஒண்டு வரும், கத்தரிக்கோலால வடிவா வெட்டலாம், பென்சிலால சுத்திக் கீறலாம். கத்தி ஓட்ட ஏலாது, மெல்லிசு. இப்ப ஆஸ்பத்திரியளில பிலிம் தாறது குறைஞ்சிட்டுது, பழைய வீடுகளில அலுமாரிக்கு மேல எப்பிடியும் ரெண்டு கிடக்கும், கேட்டுப் பாருங்கோ.

இனி வெட்டுவிச்ச கதை. உண்மையா எனக்கு அடிமட்டம் வெட்டித் தந்த லேசர் கடையைப் பற்றி எழுதத்தான் தொடங்கினனான், எங்கயோ போட்டன்.

துண்டு எல்லாம் பொருத்தி ஒரு புளொக் ஆனாப்பிறகு அதை நாலு பக்கமும் சரிபாத்து அரிய ஒரு பெரிய சதுர அடிமட்டம் வேணும், பன்னிரண்டரை இஞ்சி. மச்சாளை இன்னொருக்கா கேக்க வெக்கமா இருந்தது. ரவுணில கேடயம், நினைவுச்சின்னம், பெயர்ப்பலகை அடிக்கிற கடையளில லேசர் மெசின் வச்சிருக்கிறாங்கள், அக்ரிலிக்கில பேர் வெட்டுறது உதாலதான். அப்பிடி ஒரு கடைக்குப் போனன். ஒண்டு சொல்லவேணும், தை, மாசி, பங்குனியில போகாதேங்கோ, எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இல்லங்களுக்கிடையில மெய்வல்லுநர் போட்டி, கடை முழுக்கக் கேடயம், உங்கட அடிமட்டத்தை ஆரும் திரும்பியும் பாக்க மாட்டினம். நான் வைகாசியில போனன்.

அங்க நிண்ட தம்பி என்ர கீறலைப் பாத்திட்டு, "அன்ரி, இது என்ன, செஸ் போட்டோ?" எண்டு கேட்டான். துணி வெட்டிற அடிமட்டம் எண்டன். நம்பேல்ல. நானும் ஓம்னிகிறிட்டைக் கொண்டு போயிருந்ததால அதை மேசையில வச்சுக் காட்டினன், அதோட பெடியனுக்கே ஆசை வந்திட்டுது. உதே மாதிரி நீட்டு ஒண்டும் வெட்டலாமோ எண்டு கேட்டன், தன்ர மெசினுக்குள்ள 60க்கு 40 சென்ரிமீற்றருக்கு மேல போகாது எண்டு சொன்னான், அதாவது இருபத்திநாலு இஞ்சி உள்ளுக்க அடங்காது. திருப்பி வச்சு ரெண்டு தரமா வெட்டலாம் எண்டான், நான்தான் வேண்டாம் எண்டன், ரெண்டு தரமா வெட்டின நீட்டு விளிம்பு நடுவில மயிரளவு விலகினாலும் துணி முழுக்கப் பிழைக்கும். நீட்டை வெளியில வேண்டு, சதுரத்தை இஞ்ச வெட்டு எண்ட என்ர தீர்மானம் இந்த மெசின்ர அளவால வந்ததுதான்.

முதல் துண்டு சரிவரேல்ல. கோடு எல்லாம் மேல்பக்கத்தில அடிச்சிட்டான். 3 மில்லிமீற்றர் உயரத்தில கோடு இருந்தா, கொஞ்சம் சரிவா நிண்டு பாத்தாலே கோடு தள்ளித் தெரியும், ஒரு மில்லிமீற்றர் மட்டில ஏமாத்தும். கோடு துணியைத் தொடுற பக்கம் இருக்கவேணும். அதோட அக்ரிலிக்கும் வேற ரகம். அச்சுக்குள்ள வாத்தது, இழுத்துச் செய்தது எண்டு ரெண்டு இருக்காம், வாத்ததில லேசர் கீறினா வெள்ளையாத் தெரியும், இழுத்ததில கண்ணாடி மாதிரி இருக்கும், கோடு இருக்கிறதே தெரியாது. எனக்கு வந்தது ரெண்டாவது. வாய் திறந்து சொல்லாதது என்ர பிழையும்தான், அதால 800 குடுத்தன், தம்பியும் முழுக்காசு கேக்கேல்ல.

ரெண்டாந்தரம் வடிவா விளங்கப்படுத்தினன். "மறுவளமா அடிச்சா எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரி வருமே அன்ரி." "அப்பிடித்தான் தம்பி வேணும், திருப்பி வச்சு வாசிக்கிறது." பிறகு அவனே ஒரு யோசனை சொன்னான், அது நல்லா வேலை செய்தது. அக்ரிலிக்குக்கு மேல ஒட்டியிருக்கிற காகிதத்தை உரிக்காம அப்பிடியே காகிதத்தோட சேத்துக் கோட்டைக் கீறி, கீறின இடத்துக்கு மட்டும் அக்ரிலிக் பெயின்ற் தேய்ச்சு, காஞ்சாப்பிறகு காகிதத்தை உரிச்சா கோட்டுக்குள்ள மட்டும் நிறம் நிக்கும். செம்மஞ்சள் கேட்டன், கறுப்புத் துணியிலயும் வெள்ளையிலயும் தெரியும், என்ர கண்ணுக்கு நல்லாத் தெரியுது, காவியில மட்டும் கொஞ்சம் மங்கல். 1,500 ரூபா.

வீட்ட கொண்டந்து சோதிச்சன், நீங்களும் கடையிலயே நிண்டு சோதியுங்கோ, வெக்கப்படாதேங்கோ. ஓம்னிகிறிட்டுக்கு மேல வச்சு ஒவ்வொரு இஞ்சிக் கோட்டையும் பொருத்திப் பாத்தன், பொருந்திச்சு. மூலை சரியோ எண்டு பாக்க ரெண்டு குறுக்கையும் அளக்கவேணும், பன்னிரண்டரைச் சதுரத்துக்கு 17 இஞ்சியும் பதினாறில பதினொரு பங்கும் மட்டில வரும், ரெண்டு குறுக்கும் சமனா இருந்தா மூலை சரி. எனக்கு வந்தது சமன். லேசர் வெட்டின விளிம்பில துளி சரிவு இருக்கும், விரலால தடவினா விளங்கும், கத்திக்கு ஒண்டும் செய்யேல்ல. மூலை நாலும் கூரா இருந்தது, அதை மட்டும் அரத்தாளால மெதுவா உரசிவிட்டன், விளிம்பில கை வைக்கேல்ல.

ஆக ஒண்டுதான் கெட்டுது, அதுவும் என்ர கையாலதான். அடிமட்டத்தில பசை ஒட்டியிருக்கு எண்டு கொரோனா நேரம் வேண்டி மிஞ்சிக் கிடந்த ஹேண்ட் சனிடைசரால துடைச்சன். அடுத்தநாள் காலமை பாத்தா வெட்டின விளிம்பில இருந்து உள்ளுக்கு சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு. லேசர் வெட்டின அக்ரிலிக்குக்கு அற்ககோல் ஆகாதாம், சூட்டில வெட்டினதால விளிம்பு ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டு நிக்குமாம், ஸ்பிரிட் பட்டா வெடிக்கும். தம்பியிட்ட சொல்ல அவன் சிரிக்கிறான், "சண்லைற் சவுக்காரத் தண்ணி காணும் அன்ரி" எண்டு. வெடிப்பு ஒரு மூலையிலதான், இன்னும் பாவிக்கிறன்.

கடைக்கு 5க்கு 4 குடுப்பன். ஒண்டு குறைச்சது முதல் துண்டுக்கு இல்லை, சொன்ன நாளுக்குத் தராம மூண்டு தரம் அலையவிட்டதுக்கு, கொக்குவிலில இருந்து ரவுணுக்கு மூண்டு தரம் போய்வாற ஓட்டோக் காசைக் கூட்டினா அது ஒரு அடிமட்டத்தின்ர விலை. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்கோ. கீறலைக் கொம்பியூட்டரில செய்து பென்டிரைவில கொண்டு போனா இன்னும் மலிவு, எனக்குப் பக்கத்து வீட்டுக் கம்பஸ் பெடியன் கோரல் ட்ரோவில செய்து தந்தவன், ஒரு பிளேன்ரீயும் ரெண்டு பயித்தம் பணியாரமும்தான் கூலி.

வெளிநாட்டில ஒருத்தரும் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது எண்டு கேட்டவை ரெண்டு பேர். ஆறரைக்குப் பன்னிரண்டரை ஒண்டு வெட்டுவியுங்கோ, அது இஞ்சத்தை மெசினுக்குள்ள அடங்கும். துணியை ரெண்டா மடிக்காம நாலா மடிச்சா பதினொண்டேகாலுக்கு வந்திடும், அந்த அடிமட்டம் காணும். ஒரு கவனம், மடிப்பு அடிமட்டத்துக்குச் சரியா மூலைமட்டத்தில நிக்கவேணும், நிக்காட்டி பட்டியை விரிக்கேக்க மடிச்ச இடத்தில எல்லாம் கூரா வளைஞ்சு வரும், நேர்ப்பட்டி எண்டு நினைச்சது பாம்பு மாதிரிக் கிடக்கும். ரெண்டு மூண்டு பட்டிக்கு ஒருக்கா விரிச்சுப் பாத்துத் திரும்ப நேராக்கிக்கொள்ளுங்கோ. மற்றது, ஒரு குவில்ற்றைத் தொடங்கின அடிமட்டத்தாலயே முடியுங்கோ. நல்ல கொம்பனியளே எண்டாலும் கோட்டின்ர தடிப்பு ஒண்டுக்கொண்டு வித்தியாசம், கோட்டின்ர நடுவில வெட்டுறதோ வெளிவிளிம்பில வெட்டுறதோ எண்டதிலயே துண்டு மாறும்.

இண்டைக்குத் தொடங்கிறதெண்டா நான் ஓம்னிகிறிட்டும் லேசர் சதுரமும் மட்டும்தான் எடுப்பன், அஞ்சாயிரத்து ஐந்நூறு மட்டில. மச்சாள் இந்த வருசத் திருவிழாவுக்கும் வாறா, என்ன கொண்டரவேணும் எண்டு நேற்றுக் கேட்டவ. அடிமட்டம் வேண்டாம் மச்சாள், 45 மில்லிமீற்றர் பிளேட் பத்து, கழிவு போட்டா பாருங்கோ எண்டு அனுப்பியிருக்கிறன். அது கைப்பைக்குள்ள வைக்க விடமாட்டாங்கள் எண்டு அத்தான் பதில் போட்டிருக்கிறார், பெரிய பெட்டியிலதான்.